தபசுகாலப் பிரதிக்கினையும் தராசு முள்ளும்



சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு போனவர்களில் சிலர், "இந்தத் தபசுகாலம் முடிவதற்குள் பத்துக் கிலோ குறைப்பேன் சாமி" என்று என்னிடமே வாக்குக் கொடுத்தீர்கள். முதல் வாரம் நன்றாய் நடந்தது. இரண்டாம் வாரம் சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தது. ஒன்றரை ஷிப்டு முடிந்து இரவில் வீடு திரும்பும் வழியில் பரோட்டாக் கல்லின் ஓசையும் காதில் விழுந்தது. பிரதிக்கினை அங்கேயே முடிந்தது. மறுநாள் பூசைக்குப் பிறகு, "நம்மளால ஆகாதுங்க சாமி" என்றீர்கள். அந்த "ஆகாதுங்க" என்ற வார்த்தையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலாவது ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லிவிடுகிறேன். பருமனாயிருப்பது பாவமல்ல. போசனப்பிரியத்தைப் பற்றி நுட்பமாய்ப் போதித்த அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் என்பவரே பருமனான சரீரம் உடையவர் என்று பழைய சரித்திரங்கள் கூறுகின்றன. பிள்ளைப்பேறு, தைராய்டு, சில மருந்துகள், பரம்பரை ஆகிய காரணங்களாலும் உடல் பெருக்கும். ஆகையால் பிறர் உடம்பைப் பார்த்துக் கேலி பேசுகிறவர்கள், பாவசங்கீர்த்தனத்தில் அந்தக் கேலியைச் சொல்லக் கடவார்கள்.

ஆனால் சரீரம் இஸ்பிரீத்துசாந்துவின் ஆலயம் என்று அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதை நாம் மறக்கலாமா? நோயில் பூசுதல் கொடுக்க நான் போகிற வீடுகளில், முன்பு பாட்டனார் கிடந்த கட்டிலில் இப்போது நாற்பது, நாற்பத்தைந்து வயதுத் தகப்பனாரைக் காண்கிறேன். சர்க்கரை வியாதியால் காலில் ஆறாத புண். பவர் டேபிளை மிதித்த கால். பக்கத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளை நிற்கிறது. இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்நோய் இருக்கிறதென்றும், இன்னும் பதின்மூன்று கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசற்படியில் நிற்கிறார்களென்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வு கணக்கிட்டது. அந்த வாசற்படியில் நம் தெருவும் இருக்கிறது.

அப்படியானால், நல்ல மனதோடு செய்த பிரதிக்கினை ஏன் தவறுகிறது? அர்ச். கிரகோரியார் பாப்பரசர் போசனப்பிரியம் ஐந்து வழிகளில் மனிதனைப் பிடிக்கும் என்று போதித்தார்: காலத்துக்கு முன்னே உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, பக்குவத்தில் மிதமிஞ்சிய கவலை கொள்வது, அளவுக்கு மிஞ்சி உண்பது, அடங்காத ஆவலோடு விழுங்குவது. கவனியுங்கள்! இவ்வைந்தில் அளவைப் பற்றியது ஒன்றே. மற்றவையோ நேரத்தையும் விதத்தையும் மனதையும் பற்றியவை. நாமோ தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, வழக்கத்தைப் பாராமல் விட்டுவிடுகிறோம். புண்ணியம் என்பது ஒருநாள் உற்சாகமல்ல, திரும்பத் திரும்பச் செய்வதால் உறுதிப்படும் நல்ல பழக்கம் என்பது அர்ச். தோமாசின் போதகம். உற்சாகம் தையலில் முதல் இழை போன்றது. அதைக் கெட்டித் தையலாக்குவது பழக்கமே.

இதற்கு நம் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு சாட்சி உண்டு. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரனும் அவரைச் சார்ந்தவர்களும், சர்க்கரை வியாதிக்கு அருகில் வந்துவிட்ட 531 பேரைச் சில ஆண்டுகள் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு தொகுதியாருக்கு வழக்கமான புத்திமதி மட்டுமே. அவர்களில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் வியாதிக்காரரானார்கள். மற்றொரு தொகுதியார் தினமும் அரைமணி நேரமாவது நடந்து, உணவையும் ஒழுங்குபடுத்தும்படி தொடர்ந்து ஊக்கம் பெற்றார்கள். அவர்களில் 39 பேரே வியாதிக்காரரானார்கள். இதில் ஆச்சரியம் என்னவென்றால், அவர்கள் எடை குறிப்பிடும்படி குறையாத போதிலும் இந்தப் பலன் கிடைத்தது. ஆகவே, தராசு முள் அசையவில்லையே என்று நடப்பதை விட்டுவிடாதீர்கள். ஜெபத்தின் பலன் கண்ணுக்குத் தெரியும்வரை ஜெபியாமல் இருப்போமா?

அவர்களே பிறகு உழைக்கும் ஆண்கள் 537 பேரைத் தேர்ந்து, பாதிப்பேருக்கு மட்டும் கைப்பேசியில் அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பி, நடக்கவும் அளவாய் உண்ணவும் நினைப்பூட்டி வந்தார்கள். இரண்டாண்டு முடிவில், செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேரும், பெற்றவர்களில் 18 பேரும் வியாதிக்கு உட்பட்டார்கள். இது 2013-ல் வெளியானது. மனிதன் மறதியுள்ளவன் என்பதைத் திருச்சபைத்தாய் எப்போதோ அறிந்தவள் அன்றோ? அதனால்தான் காலை, நண்பகல், மாலை என்று திரிகால மணியடித்து நம் மனதை எழுப்பினாள்.

ஆதலால் இந்தத் தபசுகாலத்துக்கு ஐந்து சிறு பழக்கங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, யாருக்காக என்று தீர்மானியுங்கள். கல்யாணப் போட்டோவுக்காகச் செய்வது கல்யாணத்தோடு முடியும். "என் பிள்ளைகளுக்கு நான் பாரமாகக் கூடாது, ஆண்டவர் கொடுத்த உடம்பை அவர் சேவைக்குக் காப்பேன்" என்று செய்வது நிலைக்கும்.

இரண்டாவது, புதுப் பழக்கத்தைப் பழைய பழக்கத்தோடு முடிந்துவிடுங்கள். ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலையை நடந்துகொண்டே சொன்னால் ஏறக்குறைய இருபது நிமிஷமாகும். தேவமாதாவின் பிரார்த்தனையையும் சேர்த்தால் அரைமணிக்கு நெருங்கிவிடும். கம்பெனியில் டீ நேரம் வந்ததும் பஜ்ஜித் தட்டை நோக்கிப் போகுமுன், செக்கிங் மேசையையோ மிஷினையோ விட்டெழுந்து ஐந்து நிமிஷம் நடவுங்கள்.

மூன்றாவது, துணை தேடுங்கள். ஆண்டவர் சீஷர்களை இருவர் இருவராக அனுப்பினார். அடுத்த வீட்டார் எந்த மதத்தவராயினும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் கதவைத் தட்ட ஒருவர் இருந்தால் சோம்பலுக்கு இடமேது?

நான்காவது, உறக்கத்தைக் களவு கொடாதீர்கள். உறக்கம் குறைந்தால் பசி கூடும் என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். நடு இரவுவரை கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பவன், மறுநாள் பலகாரத்தின்மேல் பழி போடுவது நியாயமல்ல.

இங்கே குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மனைவியும் உங்களைப்போல் ஷிப்டு முடித்து வருகிறாள். பிறகு சமைத்து, எல்லோருக்கும் பரிமாறி, பாத்திரம் துலக்கி, மீந்ததை வீணாக்கக் கூடாதென்று பத்தரை மணிக்கு நின்றபடியே சாப்பிட்டுப் படுக்கிறாள். அவள் உடம்பு பெருத்தால், "உனக்கு வாய் அடங்கவில்லை" என்கிறீர்கள். அவளுக்கு வேண்டியது உபதேசமல்ல. நீங்கள் கழுவிவைக்கும் நாலு பாத்திரமும், எல்லோரும் ஒன்றாய் உட்கார்ந்து எட்டரை மணிக்கு உண்ணும் சாப்பாடுமே. இதுவும் ஒரு தபசு. ஒருசந்தியைவிடக் கடினமான தபசு என்று சிலருக்குத் தோன்றும்.

ஐந்தாவது, விழுந்தால் எழுந்திருங்கள். ஆண்டவர் கல்வாரி வழியில் மூன்று முறை விழுந்து எழுந்ததைச் சிலுவைப்பாதையில் வெள்ளிதோறும் தியானிக்கிறோமே! சனிக்கிழமை பரோட்டா தின்றவர் ஞாயிறு காலை நடக்கத் தடையென்ன? இராத்திரி ஆத்தும சோதனை செய்யும்போது இன்று நடந்தேனா, எந்த நேரத்தில் எதனால் தவறினேன் என்று ஒரு நிமிஷம் கேளுங்கள். தவறிய இடம் தெரிந்தால், நாளை வேறு தெருவழியாய் வீடு திரும்பலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒருசந்தி பிடிக்கும் கடமை பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு ஐம்பத்தொன்பது வயது முடியும்வரை உண்டு. நோயாளிகளைத் திருச்சபை வற்புறுத்துவதில்லை. சர்க்கரை மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் பட்டினி கிடக்கவும், மருந்தை நிறுத்தவும் வேண்டாம். அது பக்தியல்ல, ஆபத்து.

பாஸ்குத் திருநாளன்று நான் உங்கள் எடையைக் கேட்கப் போவதில்லை. "இன்றைக்கும் நடந்தீர்களா?" என்றுதான் கேட்பேன். "ஆகாதுங்க" என்றவர், "ஆகுதுங்க சாமி" என்று சொல்லும்படி ஆண்டவர் உங்களுக்கு இஷ்டப்பிரசாதம் தந்து, உங்கள் ஆத்துமத்தையும் சரீரத்தையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு,
வேலம்பாளையம்.