ஆறுதல் என்னும் எழுத்து

ஒரு சொல்லின் பொருளை அறிவதும் அச்சொல்லை உணர்வதும் ஒன்றுதானா? அகராதி தோன்றிய நாள்தொட்டு இருந்துவரும் இவ்வினா, கைத்தொலைபேசியே அகராதியாகிவிட்ட இந்நாளில் புதிய கூர்மை பெற்றிருக்கிறது.

ஜொகூர் மாநிலத்துச் செடெனாக்கில், செம்பனை நின்ற நிலத்தில் இன்று தொழில்நுட்பப் பூங்கா எழுந்துள்ளது. உலகோர் தேடுவனவற்றைச் சேமித்து வழங்கும் கணினிகளுக்கு அங்கே தரவு மையங்கள் அமைந்துள்ளன. அவ்வட்டாரத் தமிழ் மாணவன் ஒருவன் தாய்லாந்தின் காஞ்சனாபுரிக்குச் சுற்றுலா செல்வதாகக் கொள்ளலாம். சயாம் மரண இரயில் பாதையில் மாண்டோருக்காக ஜப்பானியப் படையினர் 1944இல் எழுப்பிய நினைவுத்தூண் அங்கே நிற்கிறது. ‘கான்ஜி’ எனப்படும் ஜப்பானிய எழுத்துகள் மூன்று அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

ஒலிப்பு அறியாதவர் கான்ஜியை அகரவரிசையில் தேட இயலாது. எழுத்தின் தலைமை உறுப்பைக் கண்டு, கோடுகளை எண்ணிப் பக்கம் புரட்டவேண்டும். அத்தூணின் முதலெழுத்துக்குக் கோடுகள் 15. எண்ணிக்கை ஒன்று பிழைத்தாலும் தேடல் வழிதவறும். இன்றோ கைத்தொலைபேசியின் ஒளிப்படக் கருவியைக் காட்டினால் போதும். விரலால் வரைந்தாலும் போதும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்து ஜிம் பிரீன் 1991இல் தொடங்கி இலவசமாக வழங்கிய ஜப்பானிய-ஆங்கிலச் சொற்றொகுப்பே இத்தகைய இணைய அகராதிகள் பலவற்றுக்கு அடித்தளம். அறிவைப் பூட்டி வைக்காத அக்கொடை போற்றத்தக்கது.

நொடியில் விடை வருகிறது: ஆற்றுதல், ஆவி, கோபுரம். மூன்றும் சேர்ந்தால், மாண்டோரின் ஆவியை ஆற்றும் கோபுரம். முதலெழுத்தின் அடியில் ‘இதயம்’ என்னும் உறுப்பு இருப்பதையும் கருவி பிரித்துக் காட்டும்.

இத்துணை எளிதாய்க் கிடைப்பது அறிவாகுமா என ஐயுறுவோர் உளர். நிகண்டை நெட்டுருச் செய்த பழம்புலவர்கள், 1732இல் வீரமாமுனிவர் அகரவரிசையில் அமைத்த சதுரகராதியைக் கண்டு இவ்வாறே ஐயுற்றிருக்கவும் கூடும். ஆனால் அரைமணி நேரம் கோடெண்ணித் தேடியவனும் ‘ஆற்றுதல்’ என்னும் அதே பொருளோடுதான் எழுந்திருப்பான். உழைப்பு மதிப்புடையதே, அது தானாகவே உணர்வைத் தந்துவிடுவதில்லை.

யார், யாரை ஆற்றுகிறார்? 1942-43இல் அமைக்கப்பட்ட அந்த 415 கிலோமீட்டர்ப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். நல்ல கூலி கிடைக்கும் என நம்பிப் போனவரும் உண்டு. பிடித்துச் செல்லப்பட்டவரும் உண்டு. வாந்திபேதிக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் பலியானோர் பலர். அவர்களைப் புதைத்த இடம்கூடக் குடும்பத்தார்க்குத் தெரியவில்லை. அவர்களை வருத்திய படையே அவர்கள் ஆவியை ஆற்றத் தூண் எழுப்பியது. எழுப்பியோருள் உள்ளபடியே வருந்தியவரும் இருந்திருக்கலாம். அதனை முற்றாக மறுப்பது நீதியன்று. ஆயினும் ‘ஆற்றுதல்’ என்னும் அகராதிப் பொருளுக்குள் இவை எவையும் இல்லை.

முதலெழுத்தை மட்டும் தனியே தேடினால், அவ்வெழுத்துப் பயிலும் பிற சொற்களையும் கருவி வரிசைப்படுத்தும். போர்க்காலத்தில் ஜப்பானியப் படைவீரரின் இச்சைக்கு இரையாக்கப்பட்ட கொரிய, சீன, பிலிப்பைன்ஸ் பெண்கள் முதலானோர்க்கு வழங்கிய பெயரும் அவ்வரிசையில் நிற்கும். ‘ஆறுதல் மகளிர்’ என்பது அதன் பொருள். அப்பெயரை இட்டவர் அப்பெண்களல்லர். ஆவியை ஆற்றும் எழுத்தே கொடுமையை மறைக்கும் திரையுமாயிற்று. இரண்டு சொற்களையும் கருவி ஒரே பட்டியலில், ஒரே அளவு எழுத்தில் காட்டும். அதன்மேல் குற்றமில்லை, அகராதி நீதிமன்றமன்று. ‘சொற்பொருள் தருக’ என்னும் வினாவுக்கு ‘ஆறுதல்’ என்றெழுதும் மாணவன் முழு மதிப்பெண் பெறுவான். யார் சொன்ன ஆறுதல் என்று கேட்கும் வினாத்தாளைக் காண்பது அரிது.

அத்தூணைச் சூழ்ந்த மதிலின் மூலைகளில் பல மொழிகளில் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் தமிழும் ஒன்று. அதைப் படிக்கச் செடெனாக் மாணவனுக்கு எக்கருவியும் வேண்டியதில்லை. படித்து முடித்தபின், இது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுள் எத்தனைபேர் இதைப் படிக்க உயிரோடிருந்தனர் என்று அவன் கேட்கக்கூடும். உடன்வந்த ஆசிரியர் அப்போது கைத்தொலைபேசியை எடுக்கமாட்டார்.