வைத்தியசாலை தன்னைப் பற்றி எழுதலாமா?

கொடுத்தவன் தன் கொடையைத் தானே எடுத்துச் சொல்லுதல் பண்பன்று என்பது நம்மவர் மனத்தில் ஆழப் பதிந்த கொள்கை. தனிமனிதனுக்குப் பொருந்தும் இக்கொள்கை, ஒரு மருத்துவ பீடத்தையும் அதனோடிணைந்த வைத்தியசாலைகளையும், வைத்தியர், தாதியர், மாணவர், சிற்றூழியர் என்னும் பெருந்தொகையான மாந்தரையும் தன்னுள் அடக்கிய ஒரு ஸ்தாபனத்துக்கும் அவ்வாறே பொருந்துமோ என்பது விசாரிக்கத்தக்கது. ஹார்வர்ட், ஸ்டான்ஃபர்ட் முதலிய அமெரிக்க சர்வகலாசாலைகளின் மருத்துவ பீடங்கள், தேர்ந்த எழுத்தாளரையும் புகைப்படக்காரரையும் அமர்த்தித் தத்தமக்கென ஒரு தலையாய சஞ்சிகையை நடத்தி வருகின்றன. அத்தகைய ஆசை நம்மிடையே எழுவதும் இயல்பே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கிற்று, யாழ். போதனா வைத்தியசாலை அதன் பயிற்சிக்களமாயிற்று. ஏ-9 வீதியில் தெற்கு நோக்கி வந்தால் கிளிநொச்சியும் வவுனியாவும், கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவுமாக, மாவட்டப் பொது வைத்தியசாலைகள் மூன்று வன்னிப் பெருநிலப்பரப்பின் நோயைத் தாங்கி நிற்கின்றன. இவை யாவும் ஒன்றுகூடி ஒரு சஞ்சிகை நடத்துமாயின், அது எந்த அறத்துக்குக் கட்டுப்பட்டு நடத்தல் வேண்டும்?

நம்மவர் இதுவரை அறிந்த வடிவம் ஆண்டு நிறைவு மலர். அதன் இலக்கணம் யாவரும் அறிந்ததே. ஆசியுரை, வாழ்த்துரை, பணிப்பாளரின் செய்தி, அமைச்சரின் செய்தி, செயலாளரின் செய்தி என்று படத்தோடு கூடிய பக்கங்கள் முன்னே அணிவகுத்து வர, அவற்றையெல்லாம் கடந்து உள்ளே போனவனுக்கே இரண்டொரு நல்ல கட்டுரைகள் எட்டும். மலரைக் குறை கூறுவதிற் பயனில்லை. அது ஒரு விழாவின் ஞாபகார்த்தம், விழாவோடு முடிந்துவிடும். சஞ்சிகையோ தொடர்ந்து வருவது. தொடர்ந்து வருவதற்கு அதற்குக் கதை வேண்டும். வைத்தியசாலையிற் கதை என்றால் அது நோயாளியின் கதை. தர்மசங்கடம் இங்கேதான் பிறக்கின்றது.

சஞ்சிகை வேண்டும் என்போரின் நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் ஸ்தாபனம் தன் காரியங்களை மக்களுக்கு அறிவிப்பது கடன் என்பர். 2024இல் கிளிநொச்சியிலே நெதர்லாந்தின் உதவியோடு பெண்கள் நலத்துக்கென ஒரு சிறப்பு மையம் திறக்கப்பட்டதே, துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ உள்ள ஒரு தாய் அங்கே தனக்கு என்ன கிடைக்கும் என்பதை எவ்வாறு அறிவாள் என்று கேட்பர். வெளிநாட்டில் வாழும் நம்மவர் கருவி வாங்கிக் கொடுக்க ஆயத்தமாயிருக்கையில் அவர்களிடம் எடுத்துச் சொல்ல ஏதேனும் வேண்டாமா என்பர். கஷ்டப் பிரதேசம் என்று பெயர் வாங்கிய ஊருக்கு நியமனம் பெற்று வரும் இளம் வைத்தியரும் தாதியரும் தம் உழைப்பு ஒருவர் கண்ணிலும் படாமற் போகின்றதே என்று சோர்ந்து மாற்றம் கேட்டுப் போகாதிருக்க, ஒரு நல்ல சொல் அச்சில் வருவது உதவாதா என்றும் கேட்பர். இவற்றுட் கடைசி நியாயமே வலுவானது. ஏனெனில் அதில் கபடமில்லை.

இவ்விசாரணைக்கு வெளிச்சம் தரத்தக்க ஒரு பழைய உதாரணம் நம் மண்ணிலேயே உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியமும் வைத்தியக் கல்வியும் நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர், தம் மாணவருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைப் போதிக்க முனைந்து, அங்காதிபாதம், இரணவைத்தியம், பிரசவ வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழிலாக்கி அச்சேற்றினார். அதே காலத்தில், அவர் சார்ந்த அமெரிக்க மிஷன் சங்கம் பொஸ்டன் நகரில் 'மிஷனரி ஹெரால்ட்' என்னும் சஞ்சிகையை நடத்தி வந்தது. இலங்கை முதலிய தேசங்களிலிருந்து மிஷனரிமார் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் அதில் வெளியாகி, பணம் உதவிய அந்நாட்டுச் சபையாரின் கைகளுக்குப் போயின. ஒரே மிஷனிலிருந்து இரண்டு விதமான எழுத்துக்கள் பிறந்தன: ஒன்று, இங்குள்ளவன் வாசிப்பதற்கு, மற்றொன்று, இங்குள்ளவனைப் பற்றி அங்குள்ளவன் வாசிப்பதற்கு. முன்னதில் தமிழன் மாணாக்கனாய் இருந்தான். பின்னதில் பரிதாபத்துக்குரிய பொருளாய் இருந்தான். பின்னதை எழுதியோர் பொய்யர் என்பது கருத்தன்று. அவர்களுட் பலர் உத்தமர். ஆயினும் தான் வாசிக்கப் போவதில்லை என்று அறியப்பட்ட ஒருவனைப் பற்றி எழுதுகையில் எழுதுகோல் தன்னையறியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகின்றது. இன்று எழக்கூடிய எந்த வைத்தியசாலைச் சஞ்சிகையையும் நோக்கிக் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுவே: இது மானிப்பாய் அச்சின் வழிவந்ததா, பொஸ்டன் அச்சின் வழிவந்ததா? கிளினிக் நாளில், விடியற்காலை முதல் பேருந்தில் வந்து, சொப்பிங் பையிற் சுற்றிய கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, இலக்கத் துண்டோடு வாங்கில் காத்திருக்கும் கிழவரின் கைக்கு அது வருமா, அல்லது பணிப்பாளரின் அறையில் விருந்தினர் கண்ணிற் படும்படி கிடக்குமா?

இனி, நோயாளியின் சம்மதம். ஒரு பெண் வெடியிற் கால் இழந்தவள். செயற்கைக் கால் பொருத்தப்பட்டு, இயன்மருத்துவப் பகுதியில் இரு கம்பிகளைப் பற்றிக்கொண்டு முதலடி எடுத்து வைக்கின்றாள் என்று கொள்வோம். சஞ்சிகைக்கு இதனினும் சிறந்த படம் கிடையாது. படம் எடுக்கலாமா என்று கேட்கப்படுகின்றது. அவள் சிரித்துத் தலையசைக்கின்றாள். படிவத்திற் கையெழுத்தும் இடுகின்றாள். சட்டத்துக்கு இது போதும். அறத்துக்குப் போதுமா? கேட்டவர் யார்? அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் எவர் முன்னிலையில் அவள் கொப்பியை நீட்டவேண்டுமோ அவர். குத்தகைக்கு வயல் செய்கிறவன் வயற்காரர் கேட்டதற்கு மாட்டேன் என்பது எவ்வளவு அரிதோ, அவ்வளவு அரிது அவள் மறுப்பது. நன்றியுணர்வு உண்மையாகவே இருந்தாலும், அந்நன்றியே அவள் நாவைக் கட்டுகின்றது. மேலும், அரசாங்க வைத்தியசாலையில் அவள் பெற்றது ஈகையன்று. நாட்டின் குடியாக அவளுக்கு உரியதே அவளுக்குக் கிடைத்தது. கடன் இல்லாதவிடத்துக் கடன் தீர்ப்பதுபோல் அவள் முகத்தை வாங்கிக்கொள்வது, எவ்வளவு அன்போடு செய்யப்பட்டாலும், ஓர் அநீதியே.

பெயரை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று சிலர் நினைப்பர். அது கொழும்பில் இருந்துகொண்டு நினைக்கக்கூடியது. முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஓர் இலட்சத்தையும் எட்டவில்லை. 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டு, வயது இத்தனை, விசுவமடுவைச் சேர்ந்தவர், கணவர் இல்லை, பிள்ளைகள் இருவர், இன்ன மாதத்தில் இன்ன இடத்திற் காயப்பட்டவர் என்று விவரம் சேர்க்கச் சேர்க்க, ஊரில் எவரும் அவளை அறியாதிருக்க முடியாது. முன்னாளில் அவள் எந்தப் பக்கம் நின்றாள், எவரோடு திரிந்தாள் என்னும் கேள்வி இன்றும் சிலருக்குப் பயன்படும் ஒரு மண்ணில், காயத்தின் திகதியே ஒரு சாட்சியமாகிவிடும்.

வைத்தியர்களின் உலகச் சங்கம் 1948இல் ஜெனீவாவிற் செய்த பிரகடனத்தில், நோயாளி நம்பிச் சொன்ன இரகசியத்தை மதிப்பேன் என்பது ஓர் உறுதிமொழி; அவர் இறந்த பின்னரும் மதிப்பேன் என்பது 1968இல் அதனோடு சேர்க்கப்பட்டது. இறந்தோர் இத்துணைப் பெருந்தொகையினராயுள்ள வன்னியில் அச்சேர்க்கையின் பாரம் அதிகம். எனவே, சம்மதம் கேட்பவர் சிகிச்சையோடு சம்பந்தமில்லாதவராயும், கேட்கும் காலம் சிகிச்சை முடிந்து நெடுநாட் சென்ற பின்னராயும், எழுதியது அச்சேறுமுன் நோயாளிக்கு வாசித்துக் காட்டப்பட்டதாயும் இருத்தல் வேண்டும். இதனாற் பல நல்ல கதைகள் கைநழுவிப் போகும் என்பது மெய். போகட்டும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வைத்தியத்தை நான்கு கூறாக வகுக்கையில், நோயுற்றவனை முதலில் வைத்து, பின்னரே தீர்ப்பவனையும் மருந்தையும் வைத்து, அருகிருந்து பேணுவோனையும் மறவாது சேர்த்தார். சஞ்சிகைகளின் வழக்கமோ தீர்ப்பவரையும், மருந்துக்குப் பதிலாகப் புதிய இயந்திரத்தையும் முன்னிறுத்துவது. நான்காம் கூற்றினர் பற்றி எழுதுவோர் அரியர். இரவெல்லாம் வாட்டில் நின்று மலசலம் எடுக்கும் சிற்றூழியரும், ஒழுங்கையெல்லாம் சைக்கிளிற் சென்று கர்ப்பிணிகளைப் பார்த்து வரும் குடும்பநல மாதும், தகப்பனின் கட்டிலடியிற் பாய் விரித்துப் படுக்கும் மகனும் அட்டைப்படத்துக்கு உரியவரல்லர் என்று எவர் முடிவு செய்தனர்? இளம் ஊழியரின் சோர்வைப் போக்கச் சஞ்சிகை வேண்டும் என்ற நியாயம் இவ்விடத்திலேதான் உண்மையாகவே செல்லும்.

புகழ் பற்றி ஒரு வரலாறு உண்டு. வன்னி என்றாலே காய்ச்சல் என்று பேர்பெற்ற காலம் ஒன்றிருந்தது. குடியேறப் போனவர் நடுங்கிக்கொண்டு திரும்பினர் என்று முதியோர் சொல்வர். பின்னர் டி.டி.ரி. தெளிப்பினால் மலேரியா ஒடுங்கி, 1963இல் இலங்கை முழுவதிலும் பதினேழு பேருக்கே அந்நோய் கண்டதாகப் பதிவாயிற்று. உலகமே வியந்தது. நோய் ஒழிந்ததென்னும் நம்பிக்கையில் தெளிப்பு நிறுத்தப்பட்டு, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் நோயுற்றோர் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டனர். அதன் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, யுத்தத்தின் நடுவிலும், இரத்தத் துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டிற் பூசிப் பார்த்தும், நுளம்பு வலை கொடுத்தும் ஊழியர் உழைத்ததன் பயனாக, உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012இற் காணப்பட்டு, 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடென்று உலகச் சுகாதார ஸ்தாபனம் சான்று அளித்தது. 1963இல் ஒரு சஞ்சிகை இருந்திருந்தால் அதன் அட்டையில் எது வந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. பதினேழு என்னும் எண்ணை அது பொன்னெழுத்திற் பொறித்திருக்கும். எச்சரிக்கை செய்த பூச்சியியலாளர் ஒருவர் இருந்திருந்தால் அவர் கட்டுரைக்கு இடமிராது. தன் தோல்வியை எழுதாத வைத்தியசாலையின் வெற்றியை நம்புவதற்கு ஆதாரம் என்ன? புடையன் கடித்து வந்தவனுக்கு விஷமுறி மருந்து ஏன் தாமதித்தது, சிறுநீரக நோயாளர் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அலைவதேன் என்பவற்றை ஸ்தாபனத்தின் சஞ்சிகையே கேட்டு எழுதுமாயின், அதில் வரும் புகழுரையையும் வாசகன் நம்புவான்.

வன்னியில் வைத்தியசாலையின் வார்த்தைக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. 2009 பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்கு இலக்காகி, நோயாளர் புதுமாத்தளனிற் பாடசாலைக் கட்டடத்துக்குக் கொண்டுபோகப்பட்ட காலத்தில், அங்கு நின்ற வைத்தியர்களின் சொல்லே காயப்பட்டோர், இறந்தோர் தொகையை வெளியுலகுக்கு அறிவித்தது. அவ்வைத்தியருள் ஐவர், அவ்வாண்டு ஜூலையில், தடுப்புக்காவலிலிருந்தவாறே கொழும்பிற் பத்திரிகையாளர் முன் தோன்றி, முன்னர் தாம் சொன்ன தொகைகள் மிகைப்பட்டவை என்றனர். காவலிலிருப்பவனின் வாக்குமூலத்துக்கு எவ்வளவு பெறுமதி என்பதை வாசகரே நிர்ணயிக்கலாம். இங்கே குறிக்கத்தக்கது வேறு: வைத்தியசாலையின் வாய் எவர் கையில் இருக்கின்றதென்பது, வேறிடங்களிற் பத்திரிகை நடத்துவோருக்கு வெறும் நிருவாகப் பிரச்சினை; இங்கே அது உயிர்ப் பிரச்சினையாயிருந்தது. ஆதலாற் சஞ்சிகையின் ஆசிரியர் பணிப்பாளரின் கீழுள்ள உத்தியோகத்தராயிருத்தல் தகாது. பல்கலைக்கழகத்தின் சார்பில், குறித்த தவணைக்கு, இடையில் நீக்கமுடியாதபடி நியமிக்கப்படுவதே முறை.

செலவு பற்றிய ஆட்சேபத்தை நீட்டவேண்டியதில்லை. 2022இல் மருந்துக்கும் கடதாசிக்கும் ஒருங்கே தட்டுப்பாடு வந்து பரீட்சைகளே தள்ளிவைக்கப்பட்ட நாட்டில், வழவழத்த தாளில் நூறு பக்கம் அடிப்பது அழகன்று. சாதாரணத் தாளில், முப்பது பக்கத்தில், முதலில் தமிழிலும் வவுனியாவின் தேவை நோக்கிச் சிங்களத்திலும் அடித்தால் போதும்.

எஞ்சி நிற்பது இவற்றினும் கடினமான ஒன்று. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்தில் அமர்ந்து தொடங்கிய போராட்டம் வருடக்கணக்காய் நீண்டது. அத்தாய்மாருட் பலர் விடை காணாமலே இறந்தும் போயினர். அவர்கள் தம் பிள்ளைகளின் படங்களைத் தாமே கையில் ஏந்தி, போவோர் வருவோர் யாவரும் காணும்படி இருந்தவர்கள். அத்தகைய ஒரு தாய் பிரஷருக்கோ சீனி வருத்தத்துக்கோ கிளினிக்குக்கு வந்து, நித்திரை வராததன் காரணத்தைச் சொல்லி, என் பெயரையும் பிள்ளையின் பெயரையும் படத்தையும் உங்கள் புத்தகத்திற் போடுங்கள் என்று கேட்டால், ஸ்தாபனம் என்ன சொல்லும்? நோயாளியின் அந்தரங்கம் காக்கப்படவேண்டும் என்றுதான் சொல்லும். கால் பொருத்திய பெண்ணின் படத்துக்கு வராத அந்த ஞாபகம் அப்போது உடனே வந்துவிடும். அந்தரங்கம் நோயாளியின் சொத்து. காப்பதும் திறப்பதும் அவர் உரிமை. வைத்தியசாலை தன் அச்சத்தை அதனுள் ஒளித்துவைக்க உரிமையற்றது. ஆயினும், அப்பக்கம் அச்சான மறுவாரம் சஞ்சிகையை விசாரிக்க வருவோர், அத்தாயின் வீட்டுக்கும் போவார்கள் என்பதும் மெய்யே. அந்த ஆபத்தை அவருக்கு ஒளிக்காமற் சொல்லி, சொன்ன பின்னும் அவர் போடுங்கள் என்பாராயின், போடுவதற்குத் துணிவுள்ள ஆசிரியர் ஒருவர் கிடைக்கும்வரை இச்சஞ்சிகையைத் தொடங்காமலிருப்பதே நேர்மை.