எளியவனின் பொய்

எளியவன் உயிர் பிழைக்கச் சொல்லும் பொய் பாவமா?

வட அமெரிக்காவில் 'புலி அந்து' என்று ஒரு பூச்சியினம். இரவில் வௌவால் நெருங்கினால் அவற்றில் சில 'டிக் டிக்' என்று ஒலிக்கும். "என் உடம்பு கசக்கும், தொடாதே!" என்று பொருள். கடித்துச் சுவை கண்ட வௌவால் மறுமுறை விலகிப் போகும். கசப்பே இல்லாத இன்னொரு வகையும் அதே ஒலியை எழுப்பிப் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. இதை 2007-ல் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் மெய்ப்பித்தார்கள்.

அந்த எளிய பூச்சியை வெறுக்க எனக்கு மனம் வரவில்லை. வௌவாலிடம் சத்தியம் பேசிச் சாக வேண்டும் என்று எந்தத் தர்மம் சொல்லும்?

ஆனால், அந்தப் பொய் மெய்யின் நிழலில் அல்லவா வாழ்கிறது! பொய்யர்கள் பெருகினால் வௌவால் துணிந்து எல்லோரையும் கடித்துப் பார்க்கும். அப்போது மெய் சொன்னவனும் சாவான். வௌவாலை ஏமாற்றியதை மன்னித்துவிடலாம். மெய்யனின் சொல்லைச் செல்லாக் காசாக்கியதை எப்படி மன்னிப்பது?