முந்நூறு கிராம்

கயாக் துடுப்பு வாங்கப் போனால் ஒரு கணக்கு காதில் விழாமல் தப்பவே முடியாது. நிதானமாகத் துடுப்பு போடுகிறவர், இடது வலது இரண்டையும் சேர்த்து, நிமிடத்துக்கு 60 முறை போடுவார். மணிக்கு 3,600. தண்ணீரில் 6 மணி நேரம் இருந்தால் 21,600. இந்தத் துடுப்பு அந்தத் துடுப்பைவிட 300 கிராம் குறைவு. பெருக்கிப் பாருங்க சார், ஒரே நாளில் கிட்டத்தட்ட ஆறரை டன். வளர்ந்த யானை ஒன்றைத் தூக்கும் வேலை மிச்சம். இதற்கு 400 டாலர் அதிகமா என்ன?

பெருக்கல் சரிதான். மயிலிறகைக்கூட அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டி அச்சு முறியும் என்பது நமக்கும் பழைய செய்தி. ஆனாலும் இந்தக் கணக்கில் ஏதோ இடிக்கிறது. கயாக் துடுப்புக்கு இரண்டு பக்கமும் பிளேடு. ஒரு பக்கம் மேலே ஏறும்போது மறுபக்கம் கீழே இறங்குகிறது, பூங்காவில் குழந்தைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகை மாதிரி. மொத்தத் துடுப்பையும் யாரும் 21,600 முறை தரையிலிருந்து தூக்குவதில்லை. யானை எங்கேயும் ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

அப்படியென்றால் எடை ஒரு பொருட்டே இல்லையா? இருக்கிறது, வேறு விதத்தில். நாள் முழுக்கக் கையை நெஞ்சு உயரத்தில் நீட்டி அந்தத் துடுப்பைப் பிடித்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கை நீட்டி நிற்கச் சொன்ன தண்டனையை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். வெறும் கையே கால் மணி நேரத்தில் கனக்கத் தொடங்கும். இன்னொன்று, துடுப்பை ஆட்டித் திருப்புவதற்கான எதிர்ப்பு. இது தூரத்தின் வர்க்கத்தில் கூடும். நடுவிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கும் 100 கிராமை 90 செ.மீ. தூரத்துக்கு நகர்த்தினால் எதிர்ப்பு ஒன்பது மடங்காகிவிடும். தராசில் ஒரே எடை காட்டும் இரண்டு துடுப்புகளில் ஒன்று கையில் பறக்கும், இன்னொன்று இழுக்கும். பிளேடு எவ்வளவு லேசு என்பதுதான் விஷயம், தண்டு எவ்வளவு லேசு என்பது அப்புறம்தான். அதனால் விற்பனை அட்டையில் இருக்கும் கிராம் கணக்கை நம்பாமல், கையில் பிடித்துப் பத்து நிமிடம் காற்றில் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

இதெல்லாம் பொறியியல். எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. சும்மா உட்கார்ந்து போக மோட்டார் படகு இருக்கிறது. அதை விட்டுவிட்டு, வேண்டுமென்றே உடம்பை வருத்திக்கொள்ளத்தான் கயாக்கில் ஏறுகிறோம். ஏறியபின், வருத்தம் குறையட்டும் என்று காசு செலவழிக்கிறோம். இதில் ஒரு முரண் இருக்கிறதா இல்லையா? மலையேறப் போகிறவர் லேசான கூடாரம் தேடுவதும், மாரத்தான் ஓடுகிறவர் லேசான ஷூ தேடுவதும் இதே கதைதான். கஷ்டம்தான் நோக்கம் என்றால் 300 கிராம் அதிகமாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே?

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் பழைய சாதனைகளைத் துணைக்கு அழைப்பார்கள். ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் 1932-ல் ஜெர்மனியின் உல்ம் நகரில் டான்யூப் நதியில் ஒரு மடக்குக் கயாக்கை இறக்கினார். வேலையில்லாத் திண்டாட்டத்தில் தொழிலை இழந்தவர், சைப்ரஸ் தாமிரச் சுரங்கத்தில் வேலை கிடைக்கும் என்று கிளம்பினார். சைப்ரஸோடு நிற்கவில்லை. இந்திய, இலங்கைக் கரைகளையெல்லாம் கடந்து, ஏழு வருடம் கழித்து 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலிய எல்லைத் தீவு ஒன்றில் கரையேறினார். அதற்குள் போர் தொடங்கிவிட்டது. வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கியவர்களே எதிரி நாட்டவர் என்று அவரைக் கைதும் செய்தார்கள். கார்பன் ஃபைபர் என்ற பொருள் சந்தைக்கு வர இன்னும் பல வருடம் இருந்த காலம் அது. 'அவர் போகலையா?' என்பார்கள்.

போனார். ஆனால் அவர் கனத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனார். வேறு வழி இல்லாதவர் பட்ட பாட்டை, வழி இருக்கிற நாம் ஒழுக்கமாக மாற்றி அடுத்தவருக்கு உபதேசம் பண்ணுவது எனக்கு எப்போதுமே ஒவ்வாது. எங்க காலத்துல நாங்க நடந்தே பள்ளிக்கூடம் போனோம் என்கிற பெரியவர் குரல்தான் இது, கடல் உப்பு தடவி வருகிறது, அவ்வளவுதான்.

முரண் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். துடுப்பு போடும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, பிளேடு தண்ணீருக்குள் இருக்கும்போது தண்ணீரைப் பிடித்துப் படகை முன்னே இழுப்பது. இன்னொன்று, பிளேடு காற்றில் இருக்கும்போது அதைச் சுமந்து அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவது. முதலாவது வேலையில் நான் கடலோடு பேசுகிறேன். அலை, நீரோட்டம், என் தோள், எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டாவதில் நான் வெறும் சுமைகூலி. லேசான துடுப்பு குறைப்பது இந்த இரண்டாவதைத்தான். தண்ணீர் அதே தண்ணீர், அது தள்ளுபடி எதுவும் தராது. அதனால் லேசான துடுப்பு கஷ்டத்தை ஏமாற்றுகிறது என்ற குற்றச்சாட்டு நிற்காது என்று நினைக்கிறேன். எதற்காக வந்தோமோ அந்தக் கஷ்டத்தை அது தொடுவதே இல்லை. சமையல் பிடித்தவர் நல்ல கத்தி வாங்குவது சமையலைத் தவிர்க்க அல்ல.

வேடிக்கை என்னவென்றால், இந்த 300 கிராமுக்காக மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்கிறவர்களில் பலர் அதன்பிறகு பெரிய பிளேடாகப் பார்த்து வாங்குவார்கள். பெரிய பிளேடு அதிகத் தண்ணீரைப் பிடிக்கும், முதல் அரை மணி நேரம் ராஜா மாதிரி இருக்கும். நாலாவது மணியில் முழங்கை பேச ஆரம்பிக்கும். நீண்ட நாளுக்கு 600 சதுர செ.மீ. பக்கம் இருக்கும் சின்ன பிளேடே போதும், கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் சரியாகிவிடும். ஆனால் சின்னது என்று சொல்லி வாங்க மனசு வராது. காற்றில் மிச்சம் பிடித்ததைத் தண்ணீரில் தொலைக்கிறோம்.

கயாக்கைக் கண்டுபிடித்தவர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்? கிரீன்லாந்தில் துடுப்பு செய்கிற அளவுக்கு மரம் வளராது. சைபீரிய நதிகள் அடித்துக்கொண்டு வந்து, பனிக்கடலில் வருடக்கணக்கில் மிதந்து, கரை ஒதுங்கும் கட்டைகள்தான் இனுயிட் மக்களுக்கு மரம். அதிலிருந்து ஒடுக்கமான நீண்ட துடுப்பைச் செதுக்கினார்கள். அளவு எண்ணில் இல்லை, உடம்பில் இருந்தது: இரண்டு கையையும் விரித்த நீளம், கூடவே ஒரு முழம். பிளேடின் அகலம் ஒரு கை பிடிக்கிற அளவு. அதாவது, அந்தத் துடுப்பு அடுத்தவருக்குச் சரியாகப் பொருந்தாது.

எனக்குப் பிடித்த விவரம் இனிமேல்தான். பிளேடின் நுனியிலும் விளிம்பிலும் எலும்பையோ தந்தத்தையோ பதித்தார்கள். மேலே சொன்ன வர்க்கக் கணக்குப்படி, எடை சேர்க்கவே கூடாத இடம் அதுதான். தெரியாமலா சேர்த்தார்கள்? பனிக்கட்டியில் இடித்து நுனி சிதைந்தால், கவிழ்ந்த படகை நிமிர்த்தத் துடுப்பு இருக்காது. துடுப்பு இல்லாவிட்டால் வேட்டைக்காரர் வீட்டுக்கு வரமாட்டார். ஒவ்வொரு கிராமுக்கும் ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் இந்த எடைக்குத் தகுமா என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். உடனே அவர்களை ஞானிகளாக்கவும் வேண்டாம். இன்று அதே கிரீன்லாந்து வடிவத்தைக் கார்பன் ஃபைபரில் செய்து விற்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறது. அன்றைக்குக் கிடைத்திருந்தால் அவர்களும் வாங்கியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கார்பன் துடுப்பு 650 கிராமுக்கும் வருகிறது. அந்த எடை எங்கே போனது என்று கேட்டுப் பார்த்தால் பதில் சுவாரஸ்யமானது. கொஞ்சம் படகிலேயே இருக்கிறது. கார்பன் பாறையில் பலமாக இடித்தால் வளையாது, சட்டென்று உடையும். அதனால் கடலில் தூரம் போகிறவர்கள் படகின் மேல்தட்டில் ஒரு மாற்றுத் துடுப்பைக் கட்டிக்கொண்டு போவார்கள், பெரும்பாலும் அவர்களுடைய பழைய கனமான துடுப்பை. கையிலிருந்து இறங்கிய எடை முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கூடவே வருகிறது. அதில் தப்பில்லை, அதைத் தண்ணீர் சுமக்கிறது. கொஞ்சம் எடை மனசுக்குப் போகிறது. விலையுயர்ந்த துடுப்பு வைத்திருப்பவர் கரையில் ஊன்றி எழ மாட்டார், நண்பருக்கு வீசித் தர மாட்டார், டீ குடிக்கும்போதும் ஒரு கண் அதன் மேலேயே இருக்கும்.

மீதி எங்கோ தொழிற்சாலையில் இருக்கிறது. அக்ரிலிக் இழையை ஆக்சிஜன் இல்லாமல் 1,000 டிகிரிக்கு மேல் சுட்டு எடுக்கிற நார் அது. எபாக்சியில் ஒட்டி இறுக்கியபின் மறுபடி உருக்க முடியாது. அறுத்துத் தேய்க்கிறவர் முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. பழைய அலுமினியத் தண்டையாவது காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். உடைந்த கார்பன் துடுப்பை என்ன செய்வது? இதற்காக யாரும் கார்பனை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. கையில் எடுக்கும்போது லேசாக இருக்கிறதே என்று வியக்கிற அந்த நொடியில், யாருக்கு லேசு என்ற கேள்வியும் கூட வந்தால் நல்லது.

அந்தக் கேள்விக்கு இன்னும் பக்கத்தில் ஒரு வடிவம் உண்டு. வாடகைக்குக் கயாக் தரும் இடங்களில் புதிதாக வருகிறவர்கள் கையில் என்ன தருகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? அலுமினியத் தண்டு, தடித்த பிளாஸ்டிக் பிளேடு, ஒரு கிலோவுக்கு மேல். எப்படிப் போட்டாலும் உடையாது, அதுதான் காரணம், நியாயமான காரணமும்கூட. ஆனால் விளைவு என்ன? தோளில் பலமும் கையில் பழக்கமும் இல்லாதவருக்கு, சின்னக் குழந்தைக்கு, அங்கே இருப்பதிலேயே கனமானது. இருபது வருடம் போட்டவர் கையில் இறகு. லேசு தேவைப்படுகிறவருக்குப் போவதில்லை, வாங்க முடிந்தவருக்குப் போகிறது. உலகத்தில் இது துடுப்புக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை.

சிங்கப்பூரில் ஒருமுறை நாலு பேராக உபின் தீவைச் சுற்றிவரக் கிளம்பினோம். மூன்று பேருக்கு வாடகைத் துடுப்பு. நாலாமவன் எங்களில் பலசாலி, மாதக்கணக்கில் சேர்த்து வாங்கிய கார்பன் துடுப்பு அவனுடையது. மதியத்துக்கு மேல் தீவின் வடக்குப் பக்கம், மீன் பண்ணைகளைத் தாண்டிப் போகும்போது நீரோட்டம் எதிராகத் திரும்பியது. எங்களோடு வந்த அக்கா ஒருவர் பின்தங்க ஆரம்பித்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிற்போம், அவர் வந்து சேர்வார், நின்ற நேரத்தில் நீரோட்டம் எங்களைப் பின்னால் தள்ளியிருக்கும். அவனுடைய கார்பன் மிச்சம் பிடித்த பலமெல்லாம் காத்திருப்பதில் கரைந்துகொண்டிருந்தது. ஒரு கூட்டத்தின் வேகம் அதில் மெதுவானவரின் வேகம்தானே. லேசான துடுப்பை அவரிடம் கொடுப்பது தர்மம்கூட இல்லை, கூட்டல் கழித்தல்.

"துடுப்ப மாத்திக்கலாமே" என்றேன். அவன் ஒரு கணம் தயங்கினான். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன், என் காசு அதில் இல்லை. ஆனால் பலமாக மறுத்தது அக்காதான். "வேணாம்பா. ஒரு கீறல் விழுந்தாக்கூட நான் எப்படி அவன் மூஞ்சில முழிப்பேன்? எனக்கு இதுவே பழகிடுச்சு."

பழகவில்லை என்று எல்லோருக்கும் தெரியும், மணிக்கட்டை அடிக்கடி உதறிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. 300 கிராம் குறையும், சரி. பதிலுக்கு ஒரு கடன் ஏறும். மிச்ச நாள் முழுக்க அடுத்தவர் பொருளைப் பிடித்திருக்கிறோம் என்ற நினைப்பு இருக்கும், என்னால்தான் இவனுக்குத் தோள் வலிக்கிறது என்ற நினைப்பும் சேரும். அதைவிடத் தன் கனமே மேல் என்று ஒருவர் முடிவு செய்தால், அதை வீம்பு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. உதவி செய்கிறவர் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தால் இந்த எடை தெரியவே தெரியாது.

கடைசியில் அவனே வழி கண்டுபிடித்தான். "அக்கா, உங்களுக்காக இல்ல. எனக்குப் பசி உயிர் போகுது. நீங்க வேகமாப் போனாத்தான் நான் சாப்பிட முடியும்." அக்கா சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார். அவர் கூச்சப்படாமல் எடுத்துக்கொள்வதற்காகவே அவன் தன்னைச் சுயநலக்காரனாக்கிக்கொண்டான். அல்லது உண்மையிலேயே பசித்திருக்கலாம். இரண்டுமாக இருந்திருக்கும்.

கரைக்கு வந்ததும் அக்கா நல்ல தண்ணீர் ஊற்றி அந்தத் துடுப்பைக் கழுவி, தன் துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து, "எதுப்பா வாங்கலாம், ரொம்ப வெல வேணாம்" என்று எனக்குப் போன் செய்தார். ஃபைபர் கிளாஸில், 900 கிராம் பக்கம், சின்ன பிளேடாக ஒன்று சொன்னேன். கடைக்குப் போய் அரை மணி நேரம் காற்றில் போட்டுப் பார்த்தாராம். அதையேதான் வாங்கினார், ஆரஞ்சு நிறம் மட்டும் பிடிக்கவில்லை என்றார்.