வெட்டிய இலையும் துளிர்க்கும் உயிரும்

ஓர் இலையைக் கிள்ளுவது ஹிம்சையா என்று கேட்டால், நம் இல்லங்களில் சிறு குழந்தையும் ஆம் என்று விடை கூறும். மரஞ்செடிகொடிகள் ஓரறிவுயிர்கள் என்னும் உண்மையைத் தாய்ப்பாலோடு பருகி வளர்ந்தவர்கள் நாம். ஆனால், கிள்ளிய அவ்விலையின் ஒரு துண்டிலிருந்து பல செடிகள் தோன்றுமாயின் அச்செயல் கொலையா, உயிர்க்கொடையா? உயிர்த்தொழில்நுட்பம் பயிலும் நம் பிள்ளைகள் இவ்வினாவை எழுப்புகின்றனர். தாம் மேற்கொள்ளும் தொழில் நம் அறத்திற்கு ஒவ்வுமா என்று அறியும் கவலையால் கேட்கின்றனர். ஆதலின் மழுப்பாமல் விடை கூறுவது பெரியோர் கடன்.

முதற்கண் அங்கு நிகழ்வது யாது? தக்காளியையே எடுத்துக்கொள்வோம். 1934-ஆம் ஆண்டில் பிலிப் ஒயிட் என்னும் அமெரிக்க அறிஞர், தக்காளி வேரின் நுனியைத் துண்டித்துச் சத்துநீரில் இட்டு, செடியின் துணையின்றியே அது தொடர்ந்து வளர்வதைக் காட்டினார். ஆக்சின், சைட்டோகைனின் என்னும் இருவகை ஊக்கிகளின் விகிதமே திசுவில் வேர் தோன்றுமா, தளிர் தோன்றுமா என்பதை முடிவு செய்கிறது என்பதை 1957-இல் ஸ்கூக், மில்லர் ஆகிய இருவரும் புகையிலையில் கண்டனர். இன்று தக்காளி விதையை முளைக்க வைத்து, ஏறத்தாழ எட்டுப் பத்து நாளில் அதன் வித்திலைகளை நறுக்கி, சர்க்கரையும் தாது உப்புகளும் ஊக்கிகளும் கலந்த அகார் கூழின்மீது வைக்கின்றனர். சில வாரங்களில் வெட்டுவாயில் திசுத்திரள் தோன்றித் தளிர்கள் எழும். அவற்றைப் பிரித்து வேர்விடச் செய்து மண்ணுக்குப் பழக்குகின்றனர்.

இதைக் கேட்டதும் சிலர், மனிதன் உயிரைப் படைத்துவிட்டான் என்கின்றனர். வேறு சிலர், ஓர் உயிரைப் பலவாகப் பிளந்துவிட்டான் என்கின்றனர். இரண்டும் நம் ஆகமத்திற்கு ஒவ்வா. ஆன்மா படைக்கப்படாதது, பிளவுபடாதது. பிறப்பிடமாகும் தகுதி பெற்ற விதையில் முன்னிருந்த உயிரே வந்து பிறக்கலாம், வேறோர் உயிரும் வந்து பிறக்கலாம் என்பது கோம்மடசாரத்தின் கருத்து. நறுக்கிய இலைத்துண்டையும் அவ்வாறே கொள்வது பொருந்தும். கூழும் ஊக்கியும் பிறப்பிடத்தை ஆயத்தம் செய்கின்றன. வந்து பிறப்பது தன் வினைவழி வரும் உயிர். ஆய்வாளர் நிமித்தம் மட்டுமே.

வெட்டினாலும் தழைக்கும் இயல்பு நம் முன்னோர்க்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி அருளிய அந்நூல், நரம்பும் கணுவும் புலப்படாமை, ஒடித்தால் சமமாக முறிதல் ஆகியவற்றோடு வெட்டியபின் முளைத்தலையும், அனந்த உயிர்கள் சார்ந்து வாழும் தாவர உடலின் அடையாளமாகக் கூறுகிறது. நோன்பினர் இஞ்சியையும் உருளைக்கிழங்கையும் விலக்குவது இத்தகைய உயிர்மிகுதி கருதியே. எனவே, முளைக்கும் ஆற்றல் வெட்டுவதற்கு அளிக்கப்பட்ட உரிமை ஆகாது. அது நமக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கை.

ஒரு துண்டு நறுக்கிப் பத்துச் செடி பெற்றோம், ஒன்பது ஆதாயம் என்பது கடைக்கணக்கு. வினைக்கணக்கு அவ்வாறு எழுதப்படுவதில்லை. நூறு பேருக்கு அன்னமிட்டவன் ஒருவனை அடித்தால், அடித்தது அடித்ததே. மேலும், விதை சலவைத்தூள் கரைசல் போன்றவற்றில் கழுவப்படுகிறது; கூழ் 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீராவி அழுத்தத்தில் வைக்கப்படுகிறது. நுண்ணுயிர்கள் மடிந்தாலன்றித் திசு வளராது. பூஞ்சை படர்ந்த குப்பிகளும் வேண்டாத தளிர்களும் கழிக்கப்படுகின்றன. எளிதில் பெருகுவது எளிதில் எறியப்படும். உயிர் மலிவானது என்னும் எண்ணம் உள்ளத்தில் புகுவதே இதன் பெரிய தீங்கு.

அங்ஙனமாயின் இத்தொழில் ஆகாதா? ஆகும் என்பதே நம் துணிபு. ஆசாரியர்கள் ஹிம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நால்வகைப்படுத்தி, கொல்லும் கருத்தோடு செய்யும் சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தார் அறவே விலக்கப் பணித்தனர். ஏனையவற்றில் இயன்றவரை குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் வழிவழி உழவர். ஏர்முனையில் மடியும் உயிர்களை அறிந்தும், அவற்றிற்கு இரங்கியும் உழுதோம். ஆய்வகக் கத்தியும் அவ்வகையில் உத்தியோக ஹிம்சையே. நோயற்ற நாற்றுக் கிடைத்து வயலில் மருந்தடிப்பது குறையுமானால், அப்பயனும் கருதத்தக்கது.

ஆயினும் எல்லை ஒன்று உண்டு. பயனின்றிச் செடிகொடிகளை வெட்டுவதை அனர்த்ததண்டம் என்று விலக்கினர் நம் பெரியோர். இந்நோன்பு ஆய்வகத்திற்கும் முற்றும் பொருந்தும். பத்து இலை போதுமான இடத்தில் ஐம்பது நறுக்குவதும், வேடிக்கைக்காகச் செய்து பார்ப்பதும், கவனமின்மையால் குப்பிகளைக் கெடவிடுவதும் தொழிலின் தேவையால் நேர்வன அல்ல. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முன்வைப்பது இதனால்தான்.

ஆகவே பிள்ளைகளே, கற்க, அஞ்சற்க. கத்தியை எடுக்குமுன் இது வேண்டுவதுதானா என்று ஒருமுறை எண்ணுக. அந்தியில் பிரதிக்கிரமணம் செய்கையில், அன்று நறுக்கிய இலைகளையும் நினைந்து வருந்துக. இவ்வுணர்வு அகலாதவரை, ஆய்வகமும் நமக்கு அறம் பயிலும் இடமே.