பொருள் எத்தனை நாள் உழைக்க வேண்டும்?

 



"உம்மா காலத்துக் கிரைண்டர் இன்னும் ஓடுது, போன வருஷம் வாங்குன மிக்ஸி போச்சு." இந்தப் பேச்சு கேட்காத வீடு நம் மஹல்லாவில் இருக்காது. சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் அடுத்த மிக்ஸி வாங்கி வருகிறோம். ஆனால் இதற்குள் மார்க்கம் சம்பந்தப்பட்ட ஒரு கேள்வி இருக்கிறது. சீக்கிரம் கெட்டுப்போகும் என்று தெரிந்தே ஒரு பொருளைச் செய்து விற்பது ஹலாலான வியாபாரமா, மோசடியா?

தீர்ப்புச் சொல்வதற்கு முன் நீதமாகப் பேசிவிடுவோம். பழைய பொருள் எல்லாமே உழைத்தது என்பது சரியல்ல. அந்தக் காலத்தில் வாங்கியதில் கெட்டுப்போனவை எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. தப்பிப் பிழைத்தவை மட்டும்தான் இன்று நம் கண்முன் நிற்கின்றன. அன்று ஒரு ஃபிரிட்ஜ் வாங்க ஒரு குடும்பம் எத்தனை மாதம் சேமித்தது என்பதையும் மறந்துவிடுகிறோம். அதே அளவுள்ள பழைய ஃபிரிட்ஜ் குடிக்கும் மின்சாரத்தைவிடப் புதியது மிகக் குறைவாகவே குடிக்கிறது. புதிய பொருள் எல்லாம் ஏமாற்று என்று சொன்னால் அது அவதூறாகிவிடும்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பழைய கிரைண்டரைத் திறந்து பாருங்கள். கல், மோட்டார், பெல்ட், அவ்வளவுதான். பெல்ட் அறுந்தால் மாற்றலாம். காயில் எரிந்தால் கட்டிக்கொள்ளலாம். கல் மழுங்கினால் கொத்திக்கொள்ளலாம். அதுவும் கெட்டது. ஆனால் கெட்டதைச் சரிசெய்ய வழி வைத்துத்தான் செய்திருந்தார்கள். இன்றைய சில வாஷிங் மெஷின்களில் உள்ளே இருக்கும் தொட்டியைத் திறக்க முடியாதபடி ஒட்டியே விடுகிறார்கள். சின்ன பேரிங் ஒன்று தேய்ந்தாலும் முழுத் தொட்டியையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கேட்டதும் "புதுசே வாங்கிடலாம்" என்று நாமே சொல்லிவிடுகிறோம். எல்.இ.டி. பல்பும் இப்படித்தான். 25,000 மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருக்கும். வெளிச்சம் தரும் சில்லு அவ்வளவு நாள் தாங்கவும் கூடும். பக்கத்தில் இருக்கும் மின்சுற்றில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கிறது. சூடு பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். அது போனதும் நல்ல சில்லோடு பல்பும் குப்பைக்குப் போகிறது.

இது இன்று தொடங்கியதும் அல்ல. 1924-ல் ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பெரிய பல்பு நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி ஃபீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டமைப்பு அமைத்தன. அதுவரை 1,500 முதல் 2,000 மணி நேரம் எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பு இனி 1,000 மணி நேரம்தான் எரிய வேண்டும் என்று முடிவாயிற்று. மாதிரிகளைச் சோதனை செய்தார்கள். கூடுதல் நேரம் எரியும் பல்பைச் செய்த நிறுவனத்துக்கு அபராதம்! நன்றாகச் செய்ததற்குத் தண்டனை. அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு: இழை அதிகம் சூடானால் ஆயுள் குறையும், ஆனால் அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் கூடும். அது உண்மைதான். அப்படியானால் இரண்டு வகையையும் கடையில் வைத்து, "இது நீண்ட நாள் எரியும், அது பளிச்சென்று எரியும்" என்று சொல்லி விற்றிருக்கலாமே. வாங்குகிறவர் தேர்ந்தெடுத்திருப்பார்.

இங்கேதான் நம் மார்க்கச் சட்டம் பேசுகிறது. ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாள் கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்கவைத்து, நிறையப் பால் தரும் பிராணி என்று வாங்குகிறவரை நம்பவைத்து விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் கறந்து பார்த்த பிறகு விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஃ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்று உரிமையும் வழங்கினார்கள். கவனியுங்கள், குறைவாகப் பால் கறக்கும் ஆட்டை விற்பது குற்றமல்ல. அதிகம் கறக்கும் என்று தோன்றவைத்து விற்றதுதான் குற்றம். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட சம்பவமும் இதையே காட்டுகிறது. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று சொல்லவில்லை. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்டார்கள்.

ஆகவே மலிவான, சீக்கிரம் தேயும் பொருளைச் செய்வது அதனளவில் ஹராம் என்று சொல்ல முடியாது. ஏழைக்கும் ஒரு மிக்ஸி வேண்டும். உறுதியான பொருள் போலத் தோற்றம் காட்டி, பலவீனமான இடத்தைத் தெரிந்தே மறைத்து விற்றால்தான் அது மடி கட்டிய ஆடாகிறது. "வாரண்டி கொடுத்தோமே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வாரண்டி என்பது நிறுவனம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட எல்லை. குறையை மறைத்ததற்கான கேள்வி அல்லாஹ்விடம் அதோடு முடிந்துவிடாது. ஐரோப்பாவில் 2021 முதல் வாஷிங் மெஷினுக்குப் பத்து ஆண்டு, ஃபிரிட்ஜுக்கு ஏழு ஆண்டு உதிரிபாகம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய நிலை அங்கே. முஃமினான வியாபாரிக்கு அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் என்ன?

நம் ஊரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர்களும் மெக்கானிக் வேலை செய்பவர்களும் இந்த மஸ்ஜிதில் இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு சம்பவம். வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள், ஒட்டகம் வாங்கிக்கொண்டு போகும் ஒருவரின் பின்னால் சென்று, இறைச்சிக்கா பயணத்துக்கா என்று விசாரித்தார்கள். பயணத்துக்கு என்றதும், அதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். விற்றவர் வருத்தப்பட்டார், விலையையும் குறைக்க வேண்டியதாயிற்று. வாஸிலா (ரலி) அந்த ஒட்டகத்தை விற்றவர் அல்ல, விஷயம் தெரிந்த மூன்றாம் மனிதர்! தெரிந்தவர் சும்மா இருப்பதும் ஆகுமானதல்ல என்பதுதான் அவர்கள் நபியவர்களிடம் கற்ற பாடம். அவர்கள் முதலில் கேட்ட கேள்வியையும் பாருங்கள். இறைச்சிக்கென்றால் குளம்பு ஓட்டை ஒரு குறையே அல்ல. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்குச் சின்ன மிக்ஸி போதும். அதையே சமையல் ஒப்பந்தம் எடுப்பவர் கேட்டால், "பாய், இது உங்க வேலைக்குத் தாங்காது" என்று சொல்வது உங்கள் மீது கடமை. விற்பனை போனாலும்.

வாங்குகிற நாமும் இதில் அடக்கம். செருப்பைத் தாமே தைத்துக்கொண்டவர்கள் நம் நபி (ஸல்). நூறு இருநூறு ரூபாயில் சரியாகும் மின்விசிறியை நிறம் பழசாகிவிட்டது என்று தூக்கிப் போடுவது இஸ்ராஃப்.

பழையதை விற்கும்போது வரும் ஒரு மஸ்அலாவையும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்கிறார்கள். கேஸ் கசியும் ஃபிரிட்ஜில், கசிவை அடைக்காமல், விற்பதற்கு இரண்டு நாள் முன் கேஸ் மட்டும் நிரப்பி, நன்றாகக் கூலிங் ஆகிறது என்று காட்டி விற்கலாமா? கூடாது. இரண்டு மூன்று வாரம் ஓடும், பிறகு நின்றுவிடும் என்பது விற்கிறவருக்குத் தெரியும். கறக்காமல் விட்ட மடிக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. கசிவு இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுத்தால் வியாபாரம் செல்லும். சொல்லாமல் ஏற்கெனவே விற்றிருந்தால், வாங்கியவர் திருப்பிக் கொண்டுவரும்போது முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.