பெரட்டு இல்லாத காலையின் சிரிப்பு

சுங்காயில் குளிர்காலம் கிடையாது. ஆனால் கித்தா மரத்துக்கு உண்டு. பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாய் நிற்கும், பாலும் குறையும். தோட்டத்துத் துரைமார்கள் இதை 'விண்டரிங்' என்றார்கள். மனிதர்களின் குளிர்காலமோ ஆண்டுக் கடைசி மழையோடு வந்தது. விடியற்காலையில் மழை பிடித்தால் பெரட்டு இல்லை, பால் வெட்டும் இல்லை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழியும். மங்கில் விழுந்ததையும் மழைத்தண்ணீர் கெடுத்துவிடும். வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. மழை ஒரு வாரம் நீண்டால் மளிகைக்கடையின் 555 புத்தகத்தில் கடன் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

அந்த நாள்களில் என்ன செய்தீர்கள் என்று என் பாட்டியிடம் கேட்டால், "என்னத்த செய்யிறது, வெளையாண்டோம்" என்பார். சுங்காய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருசம் பால் வெட்டியவர். தகரக் கூரை ஒழுகும் இடங்களில் குண்டான்களை வைத்து, எது முதலில் நிறையும் என்று பக்கத்து வீட்டோடு பந்தயம் கட்டுவார்களாம். தோற்ற வீட்டில் எல்லாருக்கும் வரக்கோப்பி. பிள்ளைகளுக்குக் கித்தாக்கொட்டை இருந்தது: ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் கையால் ஓங்கி அடித்தால், யாருடைய கொட்டை உடையவில்லையோ அவன் ஜெயித்தவன். அதே கொட்டைகள் பெண்களின் பல்லாங்குழிக்கும் காய்களாகின. பேராக்கின் வடக்கே, ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தைப்பிங்கில், இன்று மழை எத்தனை மணிக்கு வரும் என்றே பந்தயம் கட்டுவார்கள் என்று சொல்வதுண்டு.

கடன் ஏறிக்கொண்டிருக்கும்போது விளையாடுவது சரியா? அது தைரியமா, இல்லை கண்ணை மூடிக்கொள்வதா?

இன்றைய மனநல நூல்கள் இதற்கு உடனே ஒரு பதில் வைத்திருக்கின்றன. நார்வேயின் துரோம்சோ நகரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் உதிப்பதில்லை. அங்கே போய் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் காரி லெய்போவிட்ஸ், குளிர்காலத்தை நல்ல கண்ணோடு பார்ப்பவர்களிடம் வாழ்க்கை நிறைவும் கூடுதலாக இருப்பதைக் கண்டார். நல்ல செய்திதான். ஆனால், சூரியன் வரவில்லை என்பதற்காகத் துரோம்சோவில் யாருடைய சம்பளமும் நிற்பதில்லை. தோட்டத்தில் மழையைப் பார்க்கும் பார்வையை எவ்வளவு மாற்றினாலும் மங்கில் பால் நிறையாது.

வள்ளுவரும் 'இடுக்கண் அழியாமை' அதிகாரத்தின் தொடக்கத்திலேயே துன்பம் வரும்போது சிரிக்கச் சொல்கிறார். அதை வெல்ல அதைப்போல வேறொன்று இல்லை என்கிறார். இங்கே இரண்டு துன்பங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மழை இயற்கை. மழை பெய்தால் கூலி இல்லை என்பது இயற்கை அல்ல, மனிதர்கள் போட்ட ஏற்பாடு. முதலாவதைச் சிரித்துக் கடக்கலாம். இரண்டாவதைக் கேள்வி கேட்டுத்தான் கடக்க முடியும்.

அப்படியானால் அந்தப் பந்தயம் வீணா? டச்சு வரலாற்றாசிரியர் ஹூய்சிங்கா 1938-இல் வெளிவந்த 'ஹோமோ லூடன்ஸ்' நூலில், விளையாட்டுக்கென்று தனி இடம், தனி நேரம், தனி விதி உண்டு என்று விளக்கினார். வெளியுலகக் கணக்கு அதற்குள் செல்லாது. குண்டான் பந்தயத்தில் மழை வெறும் ஆட்டக்காய். கூலியைப் பறித்த அதே மழை அந்த ஒரு மணி நேரம் இவர்கள் சொன்ன விதிக்கு ஆடியது.

அந்த விதிக்குள் இன்னொரு விதியும் இருந்ததைப் பாட்டி பிறகு ஒருநாள் சொன்னார். "சீனி இருக்கிற வீடு வேணும்னே தோத்துப் போயிரும்ல!" சின்ன ஒழுகலுக்குக் கீழே உள்ள குண்டானைத் தேர்ந்தெடுத்தால் போதும், தோல்வி நிச்சயம். இல்லாத வீட்டுக்காரர் கைநீட்டாமலே கோப்பி குடித்துவிட்டுப் போவார். யாருக்கும் வெட்கம் இல்லை. இதை மனதைத் திசைதிருப்பும் வேலை என்று என்னால் சொல்ல முடியவில்லை. உதவிக்கு விளையாட்டுச் சட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. லயத்துக்கு வெளியே நிற்பவர் காதில் இந்தச் சிரிப்பு விழுந்தால், 'மழையிலும் சந்தோசமாத்தானே இருக்காங்க' என்று முடிவு கட்டிவிடலாம். சிரித்த இதே மக்கள்தான் சங்கம் வைத்து, மழைக்கும் ரப்பர் விலைக்கும் ஆடாத மாதச் சம்பளம் வேண்டும் என்று பல்லாண்டு கேட்டார்கள்; 1990-இல் அதற்காக வேலைநிறுத்தமும் செய்தார்கள். சிரித்ததால் அவர்களுடைய கோரிக்கை மழுங்கவில்லை. ஒருவரையொருவர் கோப்பிக்கு அழைத்துப் பழகியவர்கள் ஒன்றாக நிற்பது எளிது என்றே நினைக்கிறேன்.

சுங்காயைச் சுற்றி இன்று பெரும்பாலும் செம்பனைதான். எங்கள் தலைமுறை ஷிப்டுக்கும் அலுவலகத்துக்கும் போகிறது. அங்கேயும் 'பாசிட்டிவா இருங்க' என்கிறார்கள். ஓவர்டைம் குறைந்த மாதத்தில் பலூன் கட்டி விளையாட்டுப் போட்டி வைக்கிறார்கள். அதற்கும் குண்டான் பந்தயத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால், நான் இரண்டைத்தான் பார்க்கச் சொல்வேன்: ஆட்டத்தைத் தொடங்கியது யார், தோற்றால் கோப்பி போடுவது யார்? சம்பளம் கொடுக்க வேண்டியவர் ஆட்டத்தைத் தொடங்கி, கோப்பியையும் நம் செலவில் போடச் சொன்னால், அந்த ஆட்டத்தில் சிரிக்காமல் இருப்பதும் நம் உரிமைதான்.